இலவச லினக்ஸுக்குப் பணம் கட்டிப் பயிற்சி எதற்கு?

போன மே மாதம் ஊருக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டு அண்ணன் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பையன் பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்திருக்கிறான். சென்னையில் ஒரு பயிற்சி மையத்தில் லினக்ஸ் இயங்குதளம் படிக்கப் போவதாகச் சொல்லிக் கட்டண விவரம் அச்சிட்ட தாளை நீட்டினான். அண்ணன் ஒரு பட்டம் கடலை போட்டு எடுக்கும் பணத்தில் பாதிக்கு மேல் அதில் போய்விடும். “ஏன் தம்பி, இந்த லினக்ஸ் சும்மாவே கிடைக்குதுன்னு இவன்தான் சொன்னான். சும்மா கிடைக்கிறதைப் படிக்க எதுக்கு இவ்வளவு பணம்?” என்று கேட்டார்.

பதினைந்து ஆண்டுகளாக லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். இந்தக் கேள்வியை இவ்வளவு நேராக யாரும் என்னிடம் கேட்டதில்லை. அன்றைக்கு அரைமணி நேரம் பேசினோம். அப்போது சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில், லினக்ஸ் ஏன் சும்மா கிடைக்கிறது என்பதைப் பார்ப்போம். 1983ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமைகளோடு ஓர் இயங்குதளத்தைக் கட்டுவது அதன் நோக்கம். 1991 ஆகஸ்டில் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தான் எழுதிக்கொண்டிருந்த, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலைப் பற்றி ஊருக்குச் சொன்னார். அடுத்த ஆண்டு அதை ஸ்டால்மன் வகுத்த ஜிபிஎல் உரிமத்தின்கீழ் கொண்டுவந்தார். இரண்டும் சேர்ந்ததுதான் இன்று நாம் லினக்ஸ் என்று சுருக்கிச் சொல்லும் இயங்குதளம். இதை வாங்கியவர் தன் மாற்றங்களோடு பிறருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் மூல நிரலை, அதாவது மென்பொருளை எழுதிய வரிகளை, தராமல் பூட்டிவைக்க முடியாது. தமிழில் இதற்குக் ‘கட்டற்ற மென்பொருள்’ என்று பெயர் வைத்தவர்கள் விஷயத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். காசு இல்லாததைவிடக் கட்டு இல்லாததுதான் இதில் பெரிது.

பூட்டி விற்க முடியாத பொருளை வைத்து நிறுவனங்கள் எப்படிப் பிழைக்கின்றன? 1993ல் தொடங்கிய ரெட் ஹாட்டைப் பாருங்கள். அது விற்பது சந்தா. ஒரு பதிப்பு வெளிவந்தால் ஏறக்குறைய பத்து ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். சர்வர் படுத்துவிட்டால் கூப்பிட ஆள் இருப்பார். 2019ல் ஐபிஎம் அந்த நிறுவனத்தை வாங்கக் கொடுத்த விலை 3,400 கோடி டாலர். மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்போது, அந்த விலையின் பெரும்பகுதி அதை அறிந்து வைத்திருக்கும் மனிதர்களுக்கும் அவர்கள் மீதுள்ள நம்பிக்கைக்கும் கொடுத்ததுதான்.

பயிற்சி என்ற தொழிலும் இதே இடத்தில்தான் முளைத்தது. மென்பொருள் தடையில்லாமல் பரவியது. 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 அதிவேகக் கணினிகள் பட்டியலில் லினக்ஸ் ஓடாத கணினி ஒன்றுகூட இல்லை. நம் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியிலும் லினக்ஸ் கெர்னல்தான். மேகக் கணிமை என்று வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்களிலும் பெரும்பாலும் அதுவே. பரவிய வேகத்துக்கு அதைக் கட்டி மேய்க்கும் ஆட்கள் உருவாகவில்லை. அந்த இடைவெளியில்தான் கோர்ஸ்களும் சான்றிதழ்களும் வந்தன.

இரண்டு பெரிய சான்றிதழ் முயற்சிகளும் 1999லேயே தொடங்கின. ஒன்று ரெட் ஹாட்டின் ஆர்எச்சிஇ. மற்றொன்று, கனடாவில் லாப நோக்கின்றித் தொடங்கப்பட்ட லினக்ஸ் புரொஃபஷனல் இன்ஸ்டிட்யூட், சுருக்கமாக எல்பிஐ. இரண்டும் ஒரே கேள்விக்கு வேறுவேறு பதில் வைத்திருந்தன. எல்பிஐ, எந்த நிறுவனத்தின் லினக்ஸையும் சாராத பொது அறிவைச் சோதிக்கிறது. அதன் முதல் படியான எல்பிக்-1 பெற 101, 102 என்று இரண்டு தேர்வுகள்; ஒவ்வொன்றிலும் 90 நிமிடத்தில் 60 கேள்விகள்; சரியான விடையைத் தேர்ந்தெடுப்பதும் கோடிட்ட இடத்தை நிரப்புவதுமாக இருக்கும். ரெட் ஹாட் போன வழி வேறு. உங்கள் முன் ஓர் இயந்திரத்தை வைத்து, இதை இதைச் செய்து வை என்று சொல்லிவிடும்.

அந்தக் காலத்தில் மைக்ரோசாஃப்டின் எம்சிஎஸ்இ சான்றிதழ் கொடிகட்டிப் பறந்தது. விடைகளை மனப்பாடம் செய்து தேறிவிட்டு, வேலையில் சர்வரைத் தொடத் தெரியாமல் நின்றவர்களும் நிறைய. ‘காகித எம்சிஎஸ்இ’ என்று ஒரு பெயரே அவர்களுக்கு வந்தது. செய்முறைத் தேர்வு என்ற யோசனை மதிப்புப் பெற்றதற்கு இந்தப் பின்னணியும் ஒரு காரணம். 2014ல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் கொண்டுவந்த எல்எஃப்சிஎஸ், பல சர்வர்களில் மென்பொருளை ஓட்டி மேலாளும் குபர்நெட்டிஸ் கருவிக்காக 2017ல் வந்த சான்றிதழான சிகேஏ இரண்டும் செய்முறைத் தேர்வுகள்தான். எல்பிஐயை நான் குறைத்துச் சொல்லவில்லை. டெபியன், உபுண்டு, சூஸே என்று பல வகைகளையும் தொட வைக்கிற நல்ல பாடத்திட்டம் அதனுடையது. ஆனால் தொழில் பயிற்சி என்றால் என்ன என்று விளக்க வேண்டுமானால் செய்முறைத் தேர்வைத்தான் திறந்து காட்ட வேண்டும். அதனால் அதில் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.

ரெட் ஹாட்டின் அடிப்படைத் தேர்வு ஆர்எச்சிஎஸ்ஏ. மொத்தம் 300 மதிப்பெண், 210 எடுத்தால் தேர்ச்சி. இணையம் கிடையாது. இயந்திரத்துக்குள்ளேயே இருக்கும் மேன் பக்கங்கள், அதாவது ஒவ்வொரு கட்டளைக்குமான கையேடு, அவ்வளவுதான் துணை. பயனர்களை உருவாக்கு, வட்டைப் பிரி, இருக்கும் லாஜிக்கல் வால்யூமை (நீட்டிக்கக்கூடிய வட்டுப் பகுதியை) பெரிதாக்கு, குறித்த நேரத்தில் ஒரு வேலை ஓடச் செய் என்று பணிகள் வரும். கடைசியில் இயந்திரத்தை ரீபூட் செய்து, நீங்கள் செய்தவை அப்படியே நிற்கின்றனவா என்று பார்த்துத்தான் மதிப்பெண். இந்த ஒரு விதி முழுத் தேர்வின் குணத்தையும் மாற்றிவிடுகிறது. நிஜ சர்வர் அறையிலும் அதுதான் விதி. இப்போது வேலை செய்கிறது என்பது போதாது. நள்ளிரவில் மின்சாரம் போய் வந்த பிறகும் யாரும் தொடாமல் வேலை செய்ய வேண்டும்.

இந்தப் பாடத்திட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த ஒரு சிக்கலைச் சொல்கிறேன். அப்பாச்சி வலைச் சர்வர் வழக்கமான 80ஆம் போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து கோரிக்கைகள் வந்து சேரும் எண்ணிட்ட வாசலை, விட்டு 82ல் ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அமைவுக் கோப்பைத் திறக்கிறீர்கள், 80ஐ அழித்து 82 என்று எழுதுகிறீர்கள், சேவையைத் தொடங்குகிறீர்கள். தொடங்க மறுக்கிறது. கோப்பில் எழுத்துப்பிழை இல்லை. அந்த போர்ட்டை வேறு யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை. நடந்ததை இயந்திரம் குறித்து வைக்கும் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால், 82ஆம் போர்ட்டைப் பிடிக்க ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று இருக்கிறது. நீங்களோ ரூட், அதாவது முழு அதிகாரம் உள்ள பயனர். லினக்ஸில் ரூட்டுக்கு மேல் யாரும் இல்லை என்றுதான் முதல் வகுப்பிலிருந்து படித்திருக்கிறீர்கள். அப்படியென்றால் மறுத்தது யார்?

மறுத்தது எஸ்இலினக்ஸ். அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ உருவாக்கி 2000ஆம் ஆண்டு இறுதியில் வெளியிட்ட பாதுகாப்பு அடுக்கு. பிறகு அது கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. ஒவ்வொரு கோப்புக்கும் போர்ட்டுக்கும் ஓடும் நிரலுக்கும் அது ஒரு முத்திரை குத்தி வைத்திருக்கிறது. வலைச் சர்வர் என்ற முத்திரை உள்ள நிரல், வலைக்கான போர்ட் என்று முத்திரை உள்ளவற்றை மட்டுமே தொடலாம். 80க்கும் 81க்கும் அந்த முத்திரை உண்டு. 82க்கு இல்லை. நிரலை யார் தொடங்கினார் என்பதை எஸ்இலினக்ஸ் பொருட்படுத்தாது. யாரோ ஒருவர் சர்வருக்குள் புகுந்து அப்பாச்சியைக் கைப்பற்றினாலும் அது கண்ட இடத்தில் கைவைக்க முடியாதபடி செய்த ஏற்பாடு இது.

தீர்வு ஒற்றை வரிக் கட்டளை: 82க்கும் அந்த முத்திரையைக் குத்திவிட வேண்டும். பிறகு ஃபயர்வாலில் அந்த போர்ட்டை நிரந்தரமாகத் திறக்க வேண்டும், ரீபூட்டுக்குப் பிறகு சேவை தானே எழும்படி செய்ய வேண்டும். கட்டளையை மட்டும் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். ஆனால் சேவை ஓடுகிறதா, போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறதா, ஃபயர்வால் விடுகிறதா, எஸ்இலினக்ஸ் தடுக்கிறதா, பதிவேடு என்ன சொல்கிறது என்று வரிசையாகப் பார்க்கும் பழக்கம் ஐந்து நிமிடத்தில் வராது. தேடினால் கிடைக்கும் பல பக்கங்கள் ‘எஸ்இலினக்ஸை அணைத்துவிடுங்கள்’ என்று கூசாமல் சொல்கின்றன. வீட்டுப் பூட்டு சரியாகத் திறக்கவில்லை என்பதற்காகக் கதவையே கழற்றி வைக்கும் வேலை அது. நல்ல பயிற்றுநர் அந்த இடத்தில் மாணவரின் கையைப் பிடித்து நிறுத்துவார். அந்த நிறுத்தம்தான் கோர்ஸில் நாம் பணம் கொடுத்து வாங்குவது.

இன்னொன்றும் இருக்கிறது: மறந்துபோன ரூட் கடவுச்சொல்லை மாற்றுவது. இயந்திரம் எழும்போது குறுக்கே புகுந்து, துவக்க வரியில் ஒரு சொல்லைச் சேர்த்து, அரைகுறையாக எழுந்த நிலையில் வட்டை எழுதத்தக்கதாக்கி, கடவுச்சொல்லை மாற்றி, கடைசியில் ‘ஆட்டோரீலேபல்’ என்று ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கிவிட்டு வெளியே வருவார்கள். இந்தப் படிகளைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வெற்றுக் கோப்பு எதற்கு என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். அந்த அரைகுறை நிலையில் எஸ்இலினக்ஸ் இன்னும் விழித்திருக்காது. அப்போது மாற்றிய கடவுச்சொல் கோப்பு அதன் முத்திரையை இழந்துவிடும். முழுதாக எழுந்தபின் அந்தக் கோப்பை யாரும் படிக்க முடியாமல் போய், சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் உள்ளே நுழைய முடியாது. அதனால்தான் அடுத்த முறை எழும்போது எல்லாவற்றுக்கும் மறுபடி முத்திரை குத்தச் சொல்லி அந்த வெற்றுக் கோப்பை வைக்கிறோம். இந்தக் காரணம் தெரிந்தவருக்குப் பதிப்பு மாறிப் படிகள் கொஞ்சம் மாறினாலும் கவலையில்லை. காரணம் தெரியாதவர் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டும்.

மனப்பாடம் என்றதும் டம்ப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. தேர்வில் வரும் பணிகளை யாரோ நினைவில் வைத்து எழுதி, அது கைமாறிக் கைமாறி வாட்ஸ்அப்பில் சுற்றும். தேர்வு எழுதுபவர்கள் கேள்விகளை வெளியில் சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் உட்காருகிறார்கள். அதை மீறியதுதான் டம்ப். செய்முறைத் தேர்வுக்கும் இது உண்டு. பத்துப் பதினைந்து பணிகளை வரிசையாக அடித்துப் பழகிவிட்டு, தேறியும் விடுகிறார்கள். நான் படித்த பயிற்சி மையத்திலும் கடைசி இரண்டு வாரம் அதுதான் நடந்தது. ஜெராக்ஸ் தாள் ஒன்றைக் கொடுத்து, அதில் இருப்பதை வரிக்கு வரி அடிக்கச் சொன்னார்கள். முப்பது பேர், பத்து இயந்திரம். என் முறை வரும்போது முந்தைய பையன் செய்து வைத்தது அப்படியே இருக்கும். அடித்தால் ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று வரும். ‘வந்தால் சரிதான், அடுத்ததுக்குப் போ’ என்பார் சொல்லிக்கொடுத்தவர். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் ஒரு சர்வர் ரீபூட்டுக்குப் பிறகு எழாமல் எமர்ஜென்சி மோடில் நின்றபோது, அந்தத் தாளில் இல்லாத ஒரு திரையை முதல் முறையாகப் பார்த்தேன். அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது உடன் வேலை பார்த்த ஓர் அக்கா. திரையில் இருப்பதைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். எந்த வட்டைக் காணோம் என்று அதிலேயே எழுதியிருந்தது. எஃப்எஸ்டேப் கோப்பில், எழும்போது எந்தெந்த வட்டை எங்கே இணைக்க வேண்டும் என்று சொல்லும் வரியில், ஓர் எழுத்து மாறியிருந்தது. கோப்பை மாற்றியதும் ‘மவுண்ட்’ கட்டளையை ‘ஏ’ என்ற தெரிவோடு ஒரு முறை ஓட்டிப் பார்த்திருந்தால், ரீபூட் செய்வதற்கு முன்பே தவறு தெரிந்திருக்கும். அந்த மையத்தில் மூன்று மாதத்தில் கற்காததை அந்த ஒரு மணி நேரத்தில் கற்றேன்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். பயிற்சி மையங்கள் எல்லாம் ஏமாற்று என்று நான் நினைக்கவில்லை. பிள்ளையை வேலைக்கு அனுப்ப அவசரப்படும் பெற்றோர், சான்றிதழைப் பார்த்துத்தான் நேர்காணலுக்கே கூப்பிடும் நிறுவனங்கள், குறைந்த கட்டணத்தில் நடத்த வேண்டிய நெருக்கடி எல்லாம் சேர்ந்துதான் ஜெராக்ஸ் தாளில் கொண்டுபோய் விடுகின்றன. அதிகாரப்பூர்வ வகுப்புகளில் ஒவ்வொருவருக்கும் தனி லேப் கிடைக்கும், பாடநூலும் நன்றாக இருக்கும். கட்டணம்தான் நடுத்தர வீட்டுக்கு எட்டாது. ரெட் ஹாட் சான்றிதழுக்கும் மூன்று ஆண்டுதான் ஆயுள். அதன் பிறகு மறுபடி எழுத வேண்டும், அல்லது மேல்படித் தேர்வு எழுதி நீட்டித்துக்கொள்ள வேண்டும்.

பணம் இல்லாதவர்களுக்குப் பல ஆண்டுகள் கைகொடுத்தது சென்ட்ஓஎஸ். ரெட் ஹாட்டின் மூல நிரலை எடுத்து, பெயரையும் சின்னத்தையும் நீக்கிவிட்டுக் கட்டிய இலவசப் பிரதி அது. ஆர்எச்சிஎஸ்ஏ படித்தவர்களில் பெரும்பாலோர் பழகியது அதில்தான். 2020 டிசம்பர் 8 அன்று, சென்ட்ஓஎஸ் 8க்கான ஆதரவு 2021 இறுதியோடு நிறுத்தப்படும் என்று அறிவிப்பு வந்தது. 2029 வரை இருக்கும் என்று நம்பியிருந்த எல்லோருக்கும் அது அடி. சில மாதங்களிலேயே அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்று இரண்டு மாற்றுகள் எழுந்து வந்தன. ராக்கி என்ற பெயர், சென்ட்ஓஎஸ்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரும் பின்னர் மறைந்துபோனவருமான ராக்கி மெக்காவின் நினைவாக வைத்தது. 2021 தொடக்கத்தில் ரெட் ஹாட்டும், தனிநபர்கள் 16 இயந்திரங்கள் வரை அசல் பதிப்பையே இலவசமாக வைத்துக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்தது. 2023ல் மூல நிரலைப் பொதுவில் வெளியிடும் முறையை ரெட் ஹாட் சுருக்கியபோது மறுபடி சர்ச்சை வந்தது. பயிற்சிக்கு வருபவர் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பேன். கட்டற்ற மென்பொருளில் நிறுவனம் மனம் மாறினாலும் சமூகம் வேறு பெயரில் தொடரும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய நிகழ்ச்சி சமீபத்தில் வேறு இல்லை. இன்னமும் சென்ட்ஓஎஸ் 7 வைத்துப் பாடம் நடத்தும் இடம் என்றால் யோசியுங்கள். அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30 அன்றே முடிந்துவிட்டது.

வேலையும் மாறிக்கொண்டிருக்கிறது. ஒரு சர்வரில் உட்கார்ந்து கையால் எல்லாவற்றையும் அமைத்த காலம் போய், நூறு சர்வர்களுக்கு ஒரே கோப்பில் எழுதி அனுப்பும் காலம் வந்துவிட்டது. 2019ல் ஆர்எச்சிஇ தேர்வையே ஆன்சிபிள் என்ற தானியக்கக் கருவியைச் சுற்றி மாற்றி அமைத்தார்கள். ரெட் ஹாட்டின் 8, 9ஆம் பதிப்புகளுக்கான ஆர்எச்சிஎஸ்ஏவுக்குள்ளும் கண்டெய்னர்கள், அதாவது தேவையானவற்றோடு பொட்டலமாகக் கட்டி ஓட்டும் நிரல்கள், நுழைந்தன. இதைப் பார்த்து, ‘அடிப்படை லினக்ஸ் எதற்கு, நேராக டெவ்ஆப்ஸ் என்ற தானியக்க வேலைமுறையைப் படித்துவிடலாமே’ என்று கேட்கும் பிள்ளைகள் நிறைய. என் அனுபவத்தில் இது அவசரம். கண்டெய்னர் நின்றுபோனால் கடைசியில் தேடிப் போக வேண்டியது அதே அனுமதி, அதே போர்ட், அதே வட்டு நிரம்பிய கதைதான். ஆன்சிபிள் ஒரு தவறை நூறு இயந்திரங்களில் ஒரே நேரத்தில் செய்து முடிக்கும் வல்லமை கொண்டது. ஓர் இயந்திரத்தில் அந்தத் தவறைக் கண்டுபிடிக்கத் தெரியாதவர் கையில் அதைக் கொடுக்கக் கூடாது.

சான்றிதழையும் கட்டணத்தையும் தாண்டி, நம் பக்கத்தில் இந்தப் பயிற்சிக்கு வேறொரு வரலாறும் உண்டு. கேரளத்தில் 2001ல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம், சில ஆண்டுகளில் பள்ளிக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. பத்தாம் வகுப்பின் கணினித் தேர்வும் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. இன்று ‘கைட்’ என்ற பெயரில் நடக்கும் அந்த அமைப்பு, ஆசிரியர்களுக்குள்ளிருந்தே முதன்மைப் பயிற்றுநர்களை உருவாக்கி, அவர்கள் மூலம் மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. வெளியிலிருந்து ஆள் வந்து ஐந்து நாள் வகுப்பெடுத்துவிட்டுப் போயிருந்தால் இந்த அளவு நிலைத்திருக்காது. பிரச்சினை வந்தால் கேட்க பக்கத்துப் பள்ளியில் ஒரு ஆசிரியர் இருந்தார் என்பதுதான் அதன் பலம்.

சென்னையிலும் நல்ல தொடக்கம் இருந்தது. 2005ல் குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் உள்ள ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் மத்திய அரசின் கணினி ஆய்வு அமைப்பான சி-டாக்கின் சென்னைப் பிரிவும் சேர்ந்து கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தின. அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் பாடத்திட்டத்தில் கட்டற்ற மென்பொருள் விருப்பப்பாடமாக வந்ததில் அதற்குப் பங்குண்டு. டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸை 2007ல் சி-டாக் வெளியிட்டது. அரசு கொடுத்த மடிக்கணினிகளில் அதைப் பார்த்தவர்கள் பலர். பார்த்தார்களே தவிரப் பழகியவர்கள் குறைவு. கேட்டால் சொல்லித்தர அருகில் ஆள் இல்லாததுதான் காரணம் என்று நினைக்கிறேன். கேரளத்தில் ஆசிரியர் இருந்த இடம் இங்கே காலியாக இருந்தது.

அந்தக் காலியிடத்தைத் தங்களால் முடிந்தவரை நிரப்பியவர்கள் பயனர் குழுக்கள். தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து இயங்கும் சென்னை லினக்ஸ் பயனர் குழு, பல ஆண்டுகள் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஐஐடி வளாகத்தில் கூடியது. காஞ்சிபுரத்தில் ஒரு குழு இருக்கிறது. விழுப்புரத்துக் குழு கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டணமில்லாமல் வகுப்பு நடத்துகிறது. 2012லிருந்து கணியம் இதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதி வருகிறது. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லினக்ஸ் பாடங்கள் தமிழ்க் குரலிலேயே கிடைக்கின்றன. சின்னச் சின்ன வீடியோக்கள், ஒரு பக்கம் அதைப் பார்த்துக்கொண்டே மறுபக்கம் நாமே செய்து பார்க்கும் முறை. கட்டளைகளை எப்படியும் ஆங்கிலத்தில்தான் அடிக்கப் போகிறோம். ஆனால் ‘இது ஏன் இப்படி’ என்பது தாய்மொழியில் காதில் விழும்போது சட்டென்று பிடிபடுகிறது. வகுப்பில் ஆங்கிலத்தில் தலையாட்டிவிட்டு, டீக்கடையில் தமிழில் கேட்டுப் புரிந்துகொண்ட தலைமுறை என்னுடையது. வகுப்பிலேயே தமிழில் கேட்க முடிந்திருந்தால் எத்தனை பேர் நடுவில் நிற்காமல் முடித்திருப்பார்கள் என்று இன்றும் தோன்றும்.

சரி, பணம் கட்டிப் படிப்பது என்று முடிவானால் எதைப் பார்த்துச் சேருவது? அண்ணனிடம் நான் சொன்னது இதுதான். விளம்பரத்தில் எத்தனை பேர் தேறினார்கள் என்று போட்டிருப்பதை விட்டுவிடுங்கள். ஒரு நாள் லேபில் உட்கார விடச் சொல்லுங்கள். ஒரு பையனுக்கு ஓர் இயந்திரம், அதில் ரூட் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். வகுப்பு முடிந்த பிறகும் அந்த லேபுக்குள் வீட்டிலிருந்து நுழைய முடியுமா என்று கேளுங்கள். சொல்லிக்கொடுப்பவர் சர்வர் பார்த்த அனுபவம் உள்ளவரா என்று விசாரியுங்கள். மாணவர் கேட்ட கேள்விக்கு அவருக்கே விடை தெரியாதபோது என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். ‘அது தேர்வில் வராது’ என்று தள்ளிவிட்டால் எழுந்து வந்துவிடலாம். மேன் பக்கத்தைத் திறந்து மாணவரோடு சேர்ந்து தேடினால், அவர் கேட்கும் பணத்தைக் கொடுக்கலாம். ‘வேலை நிச்சயம்’ என்று எழுதிக் கொடுப்பவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். முதல் வேலை பெரும்பாலும் இரவு ஷிஃப்டில் டிக்கெட், அதாவது பதிவாகும் புகார்களை, பார்க்கும் வேலையாக இருக்கும். அது இழிவான வேலை இல்லை. விதவிதமாகக் கெட்டுப்போன சர்வர்களைப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

பையனிடம் சொன்னது வேறு. அவன் அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு மடிக்கணினி பரணில் இருந்தது. நினைவகம் 4 ஜிபிதான். கட்டணம் கட்டுவதற்கு முன் ஒரு மாதம் அதில் பழகிப் பார் என்றேன். அதில் லினக்ஸை நேரடியாக நிறுவி, அதற்குள் வரைகலை இடைமுகம் இல்லாத அல்மாலினக்ஸ் மெய்நிகர் இயந்திரம் (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி) ஒன்றை வைத்துக்கொள்ளலாம். பழைய இயந்திரம் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ரெட் ஹாட்டின் 10ஆம் பதிப்பு பழைய பிராசஸர்களில் ஓடாது. அல்மா 10ல் பழையவற்றுக்கென்று தனிக் கட்டமைப்பு தருகிறார்கள்; இல்லையென்றால் 9ஆம் பதிப்பே பழகப் போதும். நிறுவியதும் ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது திரும்பி வரக்கூடிய நகல், எடுத்துக்கொள், அப்புறம் தைரியமாக உடை என்றேன். எஃப்எஸ்டேப்பில் தப்பான வரி எழுதி ரீபூட் செய். ரூட் கடவுச்சொல்லை மறந்துவிட்டதாக நினைத்துக்கொள். அப்பாச்சியை 82ல் ஓட்டு. ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புவதற்கு முன் ஒரு மணி நேரமாவது நீயே மல்லுக்கட்டு. ஒரு மாதம் கழித்தும் ஆசை இருந்தால் சென்னைக்கு வா, நானே உன்னோடு வந்து அந்த லேபைப் பார்க்கிறேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பத்தரைக்குப் போன் வந்தது.

“சித்தப்பா, எழவே மாட்டேங்குது. எமர்ஜென்சி மோடுன்னு வருது.”

“திரையில என்ன எழுதியிருக்கு? சத்தமாப் படி.”

தடுமாறித் தடுமாறி ஒவ்வொரு வரியாகப் படித்தான். நாலாவது வரியில் நின்றான். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

“ஒரு நிமிஷம் இருங்க சித்தப்பா” என்றான். அப்புறம் கீபோர்டு தட்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.